நடுக்கப்பலின் அந்தி வெயில்

1871. கூடத்துச் சுவரில் தொங்கும் ஓவியத்தின் வலது மூலையில் எழுதியிருக்கும் அந்த ஆண்டை, திரும்பிப் பாராமலே விசிறிக் காம்பால் காட்டிவிட்டு, காஸ் சிலிண்டர் கொண்டுவந்த கோகுலனைத் தியாகலிங்கத்தார் பின்னுக்குத் தள்ளினார். தோளிலிருந்த சிலிண்டரை இறக்கக்கூட விடவில்லை.

“கிட்டப் போகாதை, கடல் குழம்பிப்போகும். உதிலை, அந்த வெடிச்ச சீமெந்திலை நில். இப்ப சொல், என்ன தெரியுது?”

“கப்பல், ஐயா. மூண்டு கப்பல்.”

“கப்பலாம்! நாலு வயதுப் பிள்ளையும் உதைச் சொல்லுமடா. ரசனை எண்டு ஒண்டு இருக்கு.”

வல்வெட்டித்துறையில் அந்த வீட்டுக்குப் போகிறவர் எவரும் வெடித்த சீமெந்தில் நிற்காமல் திரும்பியதில்லை. கலியாணக் கார்டு கொடுக்கப் போனாலும் அதே கதிதான். “வடிவாயிருக்கு” என்றால், “உது கலண்டர் பாக்கிற கண்” என்பார். விலை கேட்டவன் யாவாரி. பேசாமல் நின்றவன் மரம். ஆள் வந்ததும் மின்விசிறியை நிறுத்திவிடுவார்: “படத்துக்குள்ளை வேண்டிய காத்து இருக்கு.” வியர்த்து வழியும் விருந்தாளிக்கு எப்போதும் ஒரே பாடம்: “அலையைப் பாருங்கோ. பச்சையுமில்லை, நீலமுமில்லை. கீறினவன் கடலைக் குடிச்சவன்.”

கடலைக் குடித்தவனைப் பற்றிப் பேசுகிறவர் கடற்கரைக்குப் போய்ப் பல வருடங்கள். மீன் நாற்றத்தில் தலையிடிக்குமாம். வடக்கு யன்னலைத் திறந்தால் உண்மையான கடல் தெரியும். வெயில் பட்டால் வண்ணம் வெளிறும் என்று அதையும் ஆணியடித்து மூடிவிட்டார்.

கொழும்புத் துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்த காலத்தில், ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரையின் வீட்டுச் சாமான் ஏலத்தில் எடுத்த படம் அது. ஓய்வுபெற்று ஊருக்கு வந்த புதிதில், “துரை வைச்சிருந்தது” என்றார். அதற்கு ஊர் அசையவில்லை. கப்பலோட்டிய குடும்பங்கள் நிறைந்த ஊரில் துரைக்கு என்ன மதிப்பு? பிறகுதான் நடுக்கப்பல் அவருடைய பூட்டனின் கப்பலாயிற்று. வருடாவருடம் பூட்டனுக்கு ஒரு புயலும் ஒரு துறைமுகமும் கூடின.

இத்தனை பேச்சுக்கிடையில் அவர் படத்தைப் பார்ப்பதில்லை. வந்தவரின் முகத்தைத்தான் பார்ப்பார். பத்திரிகை வாசிக்கும் சாய்மனைக் கதிரையும் வாசலைப் பார்த்தே கிடக்கும். படத்துக்குப் பழக்கம் அவருடைய முதுகுதான்.

இந்த வருடம் யாழ்ப்பாணத்தில் பழைய ஓவியங்களின் கண்காட்சி ஒன்று ஏற்பாடானது. படத்தின் கீழே உரிமையாளரின் பெயர் போடுவார்கள் என்றதும் தியாகலிங்கத்தார் பட்டுச் சால்வை வாங்கினார். ஒழுங்கையிலிருந்த வீடுகளுக்கெல்லாம் அழைப்பும் விட்டார்: “உங்களுக்கு விளங்காதுதான். எண்டாலும் வந்து பாருங்கோ.”

படத்தைப் பார்த்துத் தெரிவுசெய்ய, கண்காட்சிக் குழுவிலிருந்து ஆரபி என்ற இளம்பெண் வந்தாள். அவளையும் சீமெந்தில் நிறுத்தினார். அவள் நெடுநேரம் படத்தைப் பார்த்தாள்.

“நல்ல படம், ஐயா. எடுக்கலாம். நடுக்கப்பல் பாயிலை ஒரு மஞ்சள் வட்டம் இருக்கு. அதென்ன?”

தியாகலிங்கத்தார் திரும்பவில்லை. இப்படியொரு கேள்விக்காகத்தானே இவ்வளவு காலமும் காத்திருந்தார்!

“அந்தி வெயில், பிள்ளை. பாயிலை பட்டுத் தெறிக்குது. அந்த ஒரு சொட்டிலைதான் ஓவியன்ரை உயிர் நிக்குது. எல்லாருக்கும் பிடிபடாது.”

தேத்தண்ணீர்த் தட்டோடு வந்த அவருடைய மனைவி ஞானாம்பிகை வாசலில் நின்றுவிட்டாள்.

“என்ன வெயில்? அது சந்தனமெல்லோ! வெள்ளிக்கிழமையிலை சாமிப் படங்களுக்கு வைக்கேக்கை அதுக்கும் வைக்கிறனான். பூட்டன்ரை கப்பலெண்டு இவர்தானே சொன்னவர். செத்தவையின்ரை படத்தைப் பொட்டில்லாமல் விடுறதே?”

தியாகலிங்கத்தார் அப்போதுதான் திரும்பினார். பழைய சந்தனத்தின் மேல் புதுச் சந்தனம் ஏறி, பாயின் நடுவே காசளவில் தடித்துக் கிடந்தது. அதன் மத்தியில் குங்குமமும் இருந்தது.

“எப்ப தொடக்கம்?” குரல் இறங்கியிருந்தது.

“பூட்டன்ரை கதையை நீங்கள் தொடங்கின நாள் தொடக்கம். தெரியாத மாதிரிக் கேக்கிறியள்! அதுக்குக் கீழைதானே பேப்பர் வாசிக்கிறனீங்கள்?”

ஆரபி தட்டிலிருந்து கோப்பையை எடுத்து, சிரிப்பைத் தேத்தண்ணீருக்குள் விட்டாள். “பரவாயில்லை, ஐயா. பழுதில்லாமல் துடைச்சு எடுக்கலாம். ஆனால் துடைச்சால்தான் கண்காட்சியிலை வைக்கலாம்.”

“துடைக்கிறதோ?” ஞானாம்பிகை தட்டை வைத்துவிட்டாள். “பூட்டன்ரை பொட்டை அழிச்சுப்போட்டு ஊர் பாக்க வைக்கிறதோ? இஞ்சேருங்கோ, நீங்கள் சொல்லுங்கோ.”

‘அது பூட்டனின் கப்பல் அல்ல’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். படம் யாழ்ப்பாணம் போகும், பெயரும் தொங்கும். பட்டுச் சால்வை கதிரையில் மடித்தபடி இருந்தது. அவர் அதைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

“நான்தான் வைக்கச் சொன்னனான்,” என்றார். “குடும்ப வழக்கம். துடைக்கேலாது.”

ஆரபி கோப்பையை வைத்துவிட்டுப் புறப்பட்டாள்.

அடுத்தமுறை சிலிண்டரோடு வந்த கோகுலன் படலையிலேயே கேட்டான். “என்ன ஐயா, கப்பல் இன்னும் யாழ்ப்பாணத்துக்கு வெளிக்கிடேல்லையோ?”

“உன்னைப்போல ஆக்கள் வந்து பாக்கிற இடத்துக்கு என்ரை படத்தை விடுவனே?”

கண்காட்சி தொடங்கியது ஒரு வெள்ளிக்கிழமை. அன்று காலை ஞானாம்பிகை கிணற்றடியில் தோய்ந்துவிட்டு வந்து சந்தனம் குழைத்தாள். தியாகலிங்கத்தார் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். அவள் பாயின் நடுவைப் பார்த்துப் பொட்டு வைத்தாள். அவர் அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.