ஆண்டவர் என் தோளைத் திரும்பத் தந்த விதம்

அன்பான சபையாரே, சந்தோஷம் தாங்காமல் இதை எழுதுகிறேன். வெட்கத்தோடும்தான்.

போன வருடம் மழைக்காலத் தொடக்கத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. ஆனால் வலது தோள் நாளுக்கு நாள் இறுகி, கை இடுப்புக்கு மேல் எழவில்லை. பக்கவாதம் வந்த என் மனைவி சாந்தாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்கி உட்கார வைப்பவன் நான்தான். ஒருநாள் தூக்கும்போது பாதியில் கை விட்டுவிட்டது. இருவரும் தரையில் கிடந்தோம்.

பெங்களூரிலிருந்து மகன் ஓடி வந்தான். "கிறிஸ்துமஸ் வரைக்கும் பாக்கலாம்பா. உங்க கை சரியாவலன்னா அம்மாவ ஹோம்ல சேத்துடலாம்" என்றான்.

என் நெஞ்சு உடைந்தது. மாத்திரை சாப்பிட்டேன், தைலம் தேய்த்தேன், உபவாசம் இருந்தேன். "ஆண்டவரே, யாரையாவது அனுப்பும்" என்று கதறினேன். கண்ணை மூடினால் ஒரே முகம் வந்தது. எஸ்தர். அது சாத்தானின் இடையூறு என்று நினைத்து இன்னும் சத்தமாக ஜெபித்தேன்.

எஸ்தர் நம் சபைப் பெண். அக்குபஞ்சரும் கையால் அழுத்திச் செய்யும் சிகிச்சையும் முறையாகப் படித்தவள். சனிக்கிழமைகளில் ஆலயத்தின் பக்கத்து அறையில், தறியில் உட்கார்ந்து இடுப்பு பிடித்துப்போனவர்களுக்கு வைத்தியம் பார்த்தாள். அதே நேரத்தில் நான் சுகமளிக்கும் ஜெபக் கூட்டம் நடத்தினேன். என் கூட்டத்தில் நாலு பேர். அவள் வாசலில் நாற்பது ஜோடி செருப்பு. சபைக் கமிட்டியில் எழுந்து, "ஊசி வைத்தியம் விசுவாசிகளுக்கு ஆகாது" என்றேன். அவளை வெளியேற்றினார்கள். அவள் ஐயம்பேட்டைக்குப் போய் அங்கே வைத்தியத்தைத் தொடர்ந்தாள். உயிரியல் ஆசிரியராக இருந்த நான் அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

சாந்தாதான் ஒருநாள் பொறுக்காமல் சொன்னாள்: "நீங்க கண்ண மூடிக்கினு கேட்டுக்கினே இருங்க. பதிலு ஐயம்பேட்டையில உக்காந்துக்கினு இருக்குது."

மறுநாளே ஷேர் ஆட்டோ ஏறினேன். எஸ்தர் நிமிர்ந்து பார்த்தாள். "வாங்க சார். கமிட்டில சொல்லிட்டு வந்தீங்களா?"

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்கள் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன். "பொறாமைமா. வேற ஒண்ணும் இல்ல."

ஒரு நாற்காலியைத் துடைத்து என் பக்கம் தள்ளினாள். பிறகு, "உக்காருங்க. வேட்டிய முட்டி வரைக்கும் தூக்குங்க" என்றாள்.

"வலி தோள்லமா."

"தெரியுது சார். காலக் காட்டுங்க."

முழங்காலுக்குக் கீழே, தோளுக்கான புள்ளி என்று சொல்லி, மெல்லிய ஊசி ஒன்றைச் செருகி, இலேசாகத் திருகிக்கொண்டே கையைத் தூக்கச் சொன்னாள். கை மெல்ல மெல்ல எழுந்தது. மார்பு வரை வந்துவிட்டது! "ஸ்தோத்திரம்!" என்று கத்தினேன்.

"ஆடாதீங்க சார், ஊசி கீது!"

ஒரே நாளில் எல்லாம் தீரவில்லை. வாரம் இரண்டு முறை போனேன். தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் அவள் கட்டைவிரலால் அழுத்தும்போது உயிர் போய் வரும். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். வீட்டில் தினமும் சுவரில் விரல்களை எறும்பு போல மேலே ஏற்றிப் பழகினேன். டிசம்பரில் ஒரு காலை விரல் கதவு நிலையின் உச்சியைத் தொட்டது. சிறுபிள்ளை போலக் குதித்தேன்.

கிறிஸ்துமஸுக்கு மகன் வந்தான். அவன் கண் முன்னாலேயே சாந்தாவைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்து, தலையும் வாரிவிட்டேன். ஹோம் என்ற பேச்சை அவன் பிறகு எடுக்கவே இல்லை.

கமிட்டியிலும் என் பாவத்தை அறிக்கையிட்டேன். அறையைத் திரும்பக் கொடுக்க முன்வந்தார்கள். எஸ்தர் வரவில்லை. "இங்கயே நல்லா இருக்குது சார்" என்றாள். நான் செய்ததை நான் முழுவதும் திருத்த முடியாது. இப்போது சனிக்கிழமைகளில் நான் ஐயம்பேட்டை போய் அவள் வாசலில் டோக்கன் கொடுக்கிறேன்.

பிரியமானவர்களே, நம்பிக் கேளுங்கள். ஆண்டவர் யார் கையால் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். அது நீங்கள் துரத்திவிட்டவரின் கையாக இருந்தால், முதலில் போய் மன்னிப்புக் கேளுங்கள்.

சாந்தா கூப்பிடுகிறாள். தூக்கி உட்கார வைக்க வேண்டும். போகிறேன், ஆண்டவருக்குக் கோடி நன்றி!