மங்காஃப் கடையில ஃபால் சீசன்

"மாம்பழக் கலர்ல ஃபால் இருக்காம்மா?"ன்னு அந்த அக்கா பட்டுப்புடவையை என் கவுண்டர்ல பிரிச்சுப் போட்டப்பதான், நான் என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன்னு எனக்கே உறைச்சுது. அவங்களுக்குப் பின்னாடி இன்னும் நாலஞ்சு பேர். ஆளுக்கொரு கவர், கவர் நிறையப் புடவை. ரெடிமேட் கடை வேலையில துணியை விட வார்த்தைதான் சீக்கிரம் சாயம் போகும், கடையில நின்னு நின்னு கால் வீங்குன என் சொந்தங்களே!

நான் ரம்யா, லால்குடிக்காரி. குவைத்துல மங்காஃப்ல ஒரு லேடீஸ் டிரெஸ் கடையில சேல்ஸ். இப்ப பில்லிங்ல கூட்டம் இல்ல, அதான் டைப் பண்றேன். வருஷா வருஷம் அக்டோபர்ல எங்களுக்கு 'ஃபால் கலெக்‌ஷன்' வரும். குளிர் நாட்டுல இலை உதிர்ற சீசனுக்குப் போடுற டிரெஸ்ஸுங்க. முன்னாடி திறந்த நீள ஸ்வெட்டர், அதான் கார்டிகன், லூஸ் பேன்ட், துருப்பிடிச்ச கலர், பாசி கலர், ஒட்டகக் கலர்... ஐயோ, பெட்டியைப் பிரிக்கும்போதே எனக்குக் கை பரபரங்கும்!

இந்த வருஷம் மேனேஜர் நௌஷாத் பாய் ஒரு குண்டு வேற போட்டாரு. டிரையல் ரூம் பக்கத்துல ஒரு சோஃபா, ஆளுயரக் கண்ணாடி, 'ஸ்டைலிஸ்ட்'னு ஒரு பேட்ஜ். அங்க உக்கார்றவங்க துணி மடிக்க வேணாம், ஹேங்கர் பொறுக்க வேணாம். எதோட எது போடணும்னு கஸ்டமருக்குச் சொன்னா போதும். ஒரே சீட்டு. ஆசைப்பட்டது நானும் ஸ்டெல்லாவும். கஸ்டமருங்க யாரை அதிகமாத் தேடி வர்றாங்களோ அவங்களுக்குன்னு சொல்லிட்டாரு. ஸ்டெல்லா குளச்சல். எனக்கு ரூம்மேட் வேற. பகல்ல ஒரே கடை, ராத்திரி ஒரே ரூம், ஒரே ஃப்ரிட்ஜ். பொறாமைப்படக் கூட எனக்குன்னு தனியா இடம் கிடையாது.

எல்லா கலரும் இருக்கு

விஷயம் இதுதான். ஸ்டெல்லாவை முந்தணும்னு, மங்காஃப் தமிழ் லேடீஸ் வாட்ஸப் குரூப்ல நான் ஒரு மெசேஜ் தட்டிவிட்டேன். "ஃபால் வந்தாச்சு! எல்லா கலரும் இருக்கு! உங்களுக்கு மேட்சா எடுத்துத் தர ரம்யா இருக்கேன்!" நம்மூர்ப் பொம்பளைங்களுக்கு ஃபால்னா என்ன? புடவையோட அடி ஓரத்துல உள்பக்கமா வச்சுத் தைக்கிற துணி. வெள்ளிக்கிழமை லீவுல கிளம்பி வந்துட்டாங்க. நான் "இல்லக்கா, அது சீசன்... இலை..."ன்னு உளறிட்டு இருக்கேன். மாம்பழக் கலர் அக்கா முகம் சுருங்குது.

ஸ்டெல்லா எங்கிருந்தோ வந்தா. ஒரு துருக் கலர் கார்டிகனை எடுத்து அந்தப் பட்டு மேல போட்டா. "எக்கா, ஃபால் இங்க இல்ல. ஆனா பாருங்க, சர்ச்சுல ஏசிக்கு நேர கீழதான உங்க சீட்டு? முந்தானையைப் போத்திட்டு நடுங்குவீங்கல்லா?" அந்த மாம்பழக் கலரும் துருக் கலரும் சேர்ந்து நின்ன அழகு இருக்கே! அதை நான் சொல்லியிருக்கணும், நான்! வந்தவங்க எல்லாரும் அவளைச் சுத்தி நின்னு, புடவைக்கு மேட்சா மேல போட ஆளுக்கொண்ணு எடுத்தாங்க. போறப்ப மாம்பழக் கலர் அக்கா எனக்கு மட்டும் தனியா ஆறுதல் சொன்னாங்க: "விடும்மா, உன் மெசேஜைப் படிச்சுட்டு எங்க வீட்டுக்காரர் பால் வந்துருக்குன்னு தூக்குவாளி எடுத்துட்டுப் போகச் சொன்னாரு."

பொம்மைக்கு என்னாச்சு

சரி, வாய்தான் காலை வாருது, கை வாராதுன்னு நினைச்சேன். வாசல் கண்ணாடியில நிக்கிற பொம்மைக்கு டிரெஸ் மாட்டுற டர்ன் எனக்கு வந்துச்சு. எத்தனை வீடியோ பார்த்திருப்பேன்! மேல மேல போட்டு அடுக்குறதுதான் இந்த சீசனோட உசுரு. உள்ள கழுத்து மூடுன பனியன், மேல ஒட்டகக் கலர் நீளக் கோட்டு, கழுத்துல மஃப்ளர், கால்ல பூட்ஸ். தள்ளி நின்னு பார்த்தேன். கண்ணு கலங்கிடுச்சு, அவ்ளோ அழகு. வெளியே வெயில்ல ரோடு கானலா நெளியுது, அது எனக்குத் தெரியவே இல்ல.

பக்கத்து கஃபட்டேரியாவுல சாய் கொண்டு வர்ற பெஷாவர் பாய், சட்டை முதுகோட ஒட்டி, சொட்டச் சொட்ட நின்னாரு. பொம்மையை மேலயும் கீழயும் பார்த்தாரு. ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கிட்டு ஸ்டாக் ரூமுக்குள்ள ஓடுனா. பொம்மைக்குக் காய்ச்சலான்னு அவரு ரொம்ப அக்கறையாத்தான் கேட்டாரு: "சிஸ்டர், இஸ் மேடம் கோ புகார் ஹை க்யா?"

நடுவுல எப்பம்

இருங்க, ஒருத்தங்க ஜிப் மாட்டிக்கிச்சுன்னு கூப்பிடுறாங்க.

வந்துட்டேன். மெட்டில்டா சிஸ்டர் கதைக்கு வர்றேன். ஆஸ்பத்திரி நர்ஸு, ஸ்டெல்லா ஊர்ப்பக்கம். அன்னிக்கு ஸ்டெல்லாவுக்கு ஆஃப். கடை முழுக்க எனக்கே எனக்கு! சிஸ்டரை உக்கார வச்சு, பாசி கலர் லூஸ் சட்டை, க்ரீம் பேன்ட், சாக்லேட் கலர் கார்டிகன், ஒரு ஷால்னு பரப்பி, "இதையே மாத்தி மாத்திப் போட்டா சீசன் முழுக்க ஓடும் சிஸ்டர், இறுக்கவே இறுக்காது, பார்க்கவும் சும்மா நச்சுனு இருக்கும்"னு மூச்சு விடாம சொன்னேன். அவங்க எல்லாத்தையும் ஆசையாத் தடவிப் பார்த்தாங்க. ஆமாமான்னு தலையாட்டுனாங்க. எனக்குப் பேட்ஜ் கண்ணுல தெரிஞ்சுது.

அப்பறம் ஒவ்வொண்ணா மடிச்சு என் பக்கமே தள்ளி வச்சாங்க. வாங்கலயா சிஸ்டர்னு கேட்டேன். ஸ்டெல்லா எப்ப வருவான்னு கேட்டாங்க. அது ஏன்னு கேட்டதுக்குத்தான் இந்தப் பதில்: "அவ ஆஸ்பத்திரி பஸ்ஸுல யூனிஃபார்முக்கு மேல போட ஒண்ணு தாரேன்னா பிள்ளே, எனக்கு டியூட்டிக்கு யூனிஃபார்ம், ரூமுக்கு நைட்டி, நீ சொல்லுத ஸ்டைலை நான் நடுவுல எப்பம் போட?"

லிஃப்ட்டுல குளிரும்

அன்னிக்கு ரூமுக்குப் போயி ஸ்டெல்லா வச்ச மீன் குழம்பை ருசியே தெரியாம தின்னேன். (பொய். நல்லா இருந்துச்சு. அதுவும் எரிஞ்சுது.) அவ ரகசியம் எனக்குப் புரிஞ்சு போச்சு. அவ டிரெஸ்ஸை விக்கிறதுக்கு முன்னாடி "எங்க குளிரும்?"னு கேக்குறா. அவ்ளோதானே! மறுநாள் காலையில பொம்மையோட கோட்டைக் கழட்டி ஸ்டாக் ரூம்ல போட்டேன். வர்றவங்க எல்லார்கிட்டயும் அதையே கேட்டேன்.

சாயங்காலம் ஒரு குவைத்தி மேடம் வந்தாங்க. கறுப்பு அங்கி அபாயா, வாசனை, கூடவே வேலைக்கு ஒரு பொண்ணு. வாசல் பொம்மையைக் காட்டி என்னமோ கேக்க வந்தாங்க, நான் விட்டாத்தானே! பாதி அரபி பாதி இங்கிலீஷ்ல, மால்ல குளிரும், கார்ல குளிரும், லிஃப்ட்டுல குளிரும்னு சொல்லி மெல்லிசு கார்டிகனா எடுத்து எடுத்துப் போட்டேன். அவங்க பொறுமையா எல்லாம் பார்த்தாங்க. அவங்க கேட்டது முந்தின நாள் கார்ல போறப்ப பார்த்த அந்த ஒட்டகக் கலர் கோட்டு. என் கோட்டு! நான் மாட்டுன கோட்டு! நான் ஸ்டாக் ரூமுக்கு ஓடுறதுக்குள்ள ஸ்டெல்லா அதை எடுத்துட்டு வந்து நின்னா. மேடம் அதை மாட்டிக்கிட்டு, ஸ்டெல்லா பேரைக் கேட்டு வச்சுக்கிட்டு, என்னைப் பார்த்துச் செல்லமாச் சிரிச்சாங்க: "ஹபீப்தி, ஐ ஆம் கோயிங் டு லண்டன், நாட் டு த லிஃப்ட்."

கறுப்பு டீ-ஷர்ட்

சீட்டு ஸ்டெல்லாவுக்குத்தான். நௌஷாத் பாய் கடை நடுவுல நின்னு சொன்னாரு, எல்லாரும் கை தட்டுனாங்க, நானும் தட்டுனேன், எல்லாரையும் விட சத்தமா. அப்பறம் ஸ்டாக் ரூம்ல போயி ஹேங்கரை எல்லாம் கலர் வாரியா அடுக்குனேன். ஒரு அவசியமும் இல்ல.

கொஞ்ச நேரத்துல ஸ்டெல்லா பின்னாடியே வந்தா. மூஞ்சில சந்தோஷமே இல்ல. சீட்டுல உக்கார்றவங்க கடை டீ-ஷர்ட் போடக் கூடாதாம், புது கலெக்‌ஷன்லேர்ந்து எடுத்துப் போடணுமாம். இவகிட்ட இருக்கிறது கடையோட கறுப்பு டீ-ஷர்ட்டும் சர்ச்சுக்குப் போடுற சுடிதாரும். "அடுத்தவளுக்குன்னா தெரியுது. எனக்கு எது நிக்கும்னு எனக்குத் தெரியல. நீ எடுத்துத் தா பிள்ளே"ங்கிறா. என் கை முதல்ல எங்க போச்சு தெரியுமா? அந்தச் சாம்பல் கலர் சாக்கு மாதிரி ஸ்வெட்டர். அதைப் போட்டா அவ மாவு மூட்டை. தொட்டும் பார்த்தேன். சத்தியமா முடியல. அவ நிறத்துக்கு அது அநியாயம், கண்ணு ஒத்துக்கல. பாசி கலர் சட்டையை எடுத்து, கையை முழங்கை வரைக்கும் ரெண்டு மடிப்பு மடிச்சுவிட்டேன். இடுப்புல பாதியைச் சொருகி, பாதியை லூஸா விட்டேன். சாக்லேட் கலர் அகலப் பேன்ட், காலுக்குத் தட்டைச் செருப்பு. துருக் கலர் ஷாலை ஒரே ஒரு தோள்ல போட்டு, தலைமுடியை அவுத்துவிட்டேன். டிரையல் ரூம் கண்ணாடிக்கு முன்னாடி கூட்டிட்டுப் போயி நிறுத்துனேன்.

நௌஷாத் பாய் அந்தப் பக்கமா வந்தவரு, கையில இருந்த சாயைக் குடிக்க மறந்து நின்னாரு. எனக்கு அழுகையா வந்துச்சு. அவ்ளோ அழகா இருந்தா, அதுவும் நான் பண்ணுன அழகு, அதுவும் அவ மேல! ஸ்டெல்லா கண்ணாடியில அவளைப் பார்க்கல, பின்னாடி நின்ன என் மூஞ்சியைத்தான் பார்த்தா. பார்த்துட்டு மெதுவாச் சொன்னா: "ஏ பிள்ளே, நீ சிரிச்சுக்கிட்டு எடுத்துக் குடுத்தது ஒண்ணும் விக்கல, வயிறெரிஞ்சு எடுத்தது எப்படி நிக்குது பாத்தியா?"

ஆக மொத்தம், குவைத்துல ஃபால் சீசன்னா இலை ஒண்ணும் உதிராது, பக்கத்துல நிக்கிறவ அழகைப் பார்த்து நம்ம கெத்துதான் ஒவ்வொரு இலையா உதிரும்.