கேஸ் போன விமானங்கள்

எங்கள் குவார்ட்டர்ஸில் இரண்டே அறைகள். பின்னறையில் கட்டில், முன்னறையில் விறகெரிக்கும் கணப்பு. கொடைக்கானல் குளிருக்கு முன்னறைதான் கதி. அந்த முன்னறையில்தான் என் வீட்டுக்காரர் இரண்டு விமானங்களைக் குடிவைத்தார்.

அமெரிக்கர்கள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் அவர் கணக்கு வாத்தியார். வேலையை விட்டு ஊருக்குத் திரும்பிய ஓர் அமெரிக்க ஆசிரியர், எஞ்சின் வைத்த தம் பொம்மை விமானங்களை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். பொம்மை என்றதும் கைக்கு அடக்கமாக நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொன்றின் இறக்கையும் எங்கள் கட்டிலைவிட நீளம். பறக்கவிட இவருக்குத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் இல்லை. விருந்தாளி வந்தால் மூக்கிலுள்ள விசிறியை ஒரு விரலால் சுற்றிக் காட்டுவார். அவ்வளவுதான் அவருடைய விமானப்படை.

அமெரிக்கர் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னாராம், வீட்டுக்குள் வைக்குமுன் ‘கேஸ்’ முழுவதையும் வெளியேற்றிவிடு என்று. இவரும் பெரிய ஞானி மாதிரித் தலையாட்டிவிட்டு வந்தார். விமானங்களை வாசலில் வைத்து, டேங்க் மூடிகளைத் திறந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“என்னங்க பண்றீங்க?”

“கேஸ் போகுது. கிட்ட வராத.”

கொஞ்ச நேரத்தில் மூடிகளைத் திருகி உள்ளே தூக்கிவந்தார்.

அன்றோடு கணப்புக்குத் தடை விழுந்தது. சூடு பட்டால் இறக்கை வளைந்துவிடுமாம். எங்கள் மகளுக்கு அப்போதுதான் நடை பழகியிருந்தது. குளிர் ஏறினால் இளைப்பு வந்துவிடும். பிள்ளையைச் சூடாக வைத்துக்கொள்ளச் சொல்லி டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

“பிள்ளைக்கு இழுக்குதுங்க. கொஞ்சம் நெருப்புப் போடுவோம்.”

“இன்னொரு ஸ்வெட்டர் போட்டுவிடு. ரெக்கை வளஞ்சா எங்க போய் வாங்க?”

பிள்ளையை எங்கே போய் வாங்குவதாக உத்தேசம் என்று நான் கேட்டேன். அவர் இறக்கைத் தூசியைத் துடைக்கப் போனார். எனக்கு அவர்மேல் வெறுப்பே வந்தது.

கிறிஸ்மஸ் நெருங்கியது. குடில் வைக்க இடம் வேண்டும். கணக்கு வாத்தியார் மேலும் கீழும் அளந்துவிட்டு, இரண்டு விமானங்களையும் வாலில் கயிறு கட்டி, மூக்கு கீழே இருக்கும்படி கணப்பின் பக்கத்தில் தொங்கவிட்டார். அடியிலிருந்த பெட்டிமேல்தான் என் கம்பளிகள் மடித்துக் கிடந்தன.

“எடத்த எப்படி மிச்சம் பண்ணுனேன் பாத்தியா?”

அதற்கடுத்த நாள் சாயங்காலம் பிள்ளைக்கு இளைப்பு முற்றி உதடு நீலம் பாரித்தது. இனி யாரையும் கேட்பதாக இல்லை என்று நான் விறகை அடுக்கினேன். அவர், ஜமீன்தார் உத்தரவு கொடுப்பதுபோல், “சரி, கொஞ்சமாப் பொருத்து” என்றார். தீப்பெட்டி ஒரு கையில். பிள்ளையைக் கணப்பருகில் கிடத்த மறு கையால் ஒரு கம்பளியை எடுத்தேன். ஈரமாக இருந்தது. மோந்து பார்த்தேன். பெட்ரோல்.

நிமிர்ந்து பார்த்தேன். விமானத்தின் மூக்கில் அடுத்த சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

அமெரிக்கர்களுக்குக் கேஸ் என்றால் பெட்ரோல். இத்தனை வருஷம் அவர்களோடு உட்கார்ந்து டீ குடித்த மனுஷர், அது காற்று மாதிரிப் பறந்துபோகும் சாமான் என்று நினைத்து மூடியைத் திறந்து வைத்திருக்கிறார்.

தீப்பெட்டியை இடுப்பில் செருகினேன். பிள்ளையை வாரிக்கொண்டு பனிமூட்டத்துக்குள் ஓடி, பக்கத்து வீட்டுக் கணப்பின் முன்னால் படுக்கவைத்தேன். அவள் மூச்சு சீராகும்வரை உட்கார்ந்திருந்து, பிறகுதான் திரும்பி வந்தேன்.

“என்ன இந்த ஓட்டம்? கேஸ்தான் அன்னைக்கே போயிருச்சே” என்றார் அவர்.

“போன கேஸு இதுலதான் கெடக்கு. மோந்து பாருங்க.”

கம்பளியை மோந்ததும் அவர் முகம் வெளிறியது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. “நல்லவேளை, நெருப்பே போடக் கூடாதுன்னு இத்தன நாளும் நான் சொன்னேன்” என்றார். எங்களைக் காப்பாற்றியவர் அவராம்!

விமானங்களை வெளியே கொண்டுபோய் மிச்சப் பெட்ரோலை வடித்தோம். திருகாணிகளைக் கழற்றினால் இறக்கைகள் பாதி பாதியாகத் தனியே வரும் என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. எல்லாம் கட்டிலுக்கடியில் சாதுவாக அடங்கின.

கிறிஸ்மஸ் அன்று எங்கள் கணப்பு எரிந்தது. பிள்ளை அதன்முன் அயர்ந்து தூங்கினாள். வாத்தியார் விருந்தாளிகளுக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். “சின்ன வீட்டுல பெரிய பிளேன வைக்கிறதுக்கு ஒரு முறை இருக்குங்க. மொதல்ல டேங்கக் காலி பண்ணணும்...”

வந்தவர்களில் ஓர் அம்மாள் ஜன்னல் வழியே பார்த்து, “இந்தப் பனியில கொடியில கம்பளியப் போட்டிருக்கீங்களே, எப்படிக் காயும்?” என்று கேட்டார்.

“காயப் போடலீங்க. கேஸ் போகுது” என்றேன்.