மேட்டுப் பாயிண்டில் ராடு இறக்கிய நாள்

அரூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஆழ்துளைக் கிணறு போடும் எங்கள் போர் லாரி போய் நின்ற அன்றுதான் நான் முதன்முதலாக ஆபரேட்டர். எண்பதுகளில், கிணறுகள் பாறை தெரிய வற்றிப்போன ஒரு கோடை. ஆபரேட்டர் என்றால் லீவர் பிடிக்கிறவன் மட்டுமில்லை தம்பிகளே. 'எங்கே போடலாம்?' என்று கேட்டால் வாய் திறக்க வேண்டியவனும் அவன்தான்.

எங்களை அழைத்திருந்த விவசாயி ஆரோக்கியத்தின் நிலம் சரிவானது. மேட்டில் வீட்டையொட்டி ஒரு பாயிண்ட், பள்ளத்தில் பழைய கிணற்றோரம் இன்னொன்று. உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவர் குறித்துக் கொடுத்தவை. இரண்டு இடத்திலும் தேங்காய் எழுந்து நின்றதாம். ஆனால் அவர்களால் முடிந்தது ஒரே ஒரு போர். அது சரியாக அமையாவிட்டால் குடும்பத்தோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

"பள்ளத்துல போடுங்க சார், பொங்கிக்கினு வரும்!" என்றான் ஆரோக்கியத்தின் தம்பி சின்னப்பன். எனக்கும் அதே ஆசை. முதல் போரிலேயே இரண்டு இஞ்ச் தண்ணீர் என்றால் சும்மாவா! லாரியைக் கீழே இறக்கச் சொல்லிக் கையைத் தூக்கிவிட்டேன்.

ஆரோக்கியத்தின் மனைவி சகாயமேரி வண்டிக்குக் குறுக்கே வந்து நின்றார். "கொஞ்சம் இருங்க. பள்ளத்துல வந்தா அந்தக் கடைசித் துண்டுதான் நனையும். மேட்டுக்கு யாருங்க தண்ணி ஏத்தறது? பைப்பு வாங்க எங்களால ஆவாது. மேட்டுல வந்தா வாய்க்கா வெட்டி வுட்டாப் போதும், அதுவே எல்லாத்தயும் நனச்சிக்கினு போவும்."

"கம்மியா வந்தா?" என்று கேட்டேன்.

"கம்மியா வந்தாலும் எல்லாப் பாத்திக்கும் வருமில்லீங்க."

ஆரோக்கியம் தலையைச் சொறிந்தார். "ரெண்டும் நல்ல எடம், அதாங்க ரோதன. ஒண்ணு மோசமா இருந்திருந்தா ராத்திரி நிம்மதியாத் தூங்கியிருப்பேன்."

இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். எவ்வளவு சரியான பேச்சு! பக்கத்து மேட்டு நிலத்தில் எங்கள் வண்டி போட்ட போர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தைரியத்தில், "மேட்டுலயே நிறுத்துங்கடா!" என்றேன்.

கம்ப்ரஸர் அலறியது. துளையிடும் இரும்பு ராடுக்கு மேல் ராடு இறங்கியது. வந்ததெல்லாம் வெள்ளைப் பொடி. ஊரே கூடிவிட்டது.

"அண்ணி, பொடி நைசா வருது. கோலம் போடலாம்!" என்றான் சின்னப்பன்.

"தண்ணி வரட்டும் கொழுந்தனாரே, ஒங்க வாசல்லயே போடறேன்!"

இன்னொரு ராடு மாட்டினோம். சட்டென்று பொடி புகைவது நின்றது. சத்தம் மாறியது. சேறு தெறித்தது. அவ்வளவுதான், தென்னை உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது தண்ணீர்! ஆரோக்கியம் தொப்பலாக நனைந்து அங்கேயே குதித்தார். ஒரு இஞ்ச் தண்ணீர்தான். ஆனால் யாரும் வழி காட்டாமலே அது சரிவில் ஓடியது. சகாயமேரி மண்வெட்டியோடு அதற்கு முன்னால் ஓடினார். இந்தப் பாத்தி, அடுத்த பாத்தி, அதற்கடுத்தது!

பொடியே வருகிறது என்று நடுவில் கோபித்துக்கொண்டு பழைய கிணற்றோரம் போய் நின்ற சின்னப்பனின் காலை அது தொட்டபோது அவன் கத்தினான்: "யண்ணா, பள்ளத்துக்கும் வந்திருச்சி!"

அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் எங்கே அதிகம் வரும் என்று முதலில் கேட்பதை விட்டுவிட்டேன். வருகிற தண்ணீர் எங்கெங்கே போக வேண்டும் என்று கேட்பேன். நல்ல இடங்கள் இரண்டு இருந்தாலும், அந்தப் பதிலில் ஒன்று தானாக முன்னால் வந்து நிற்கும்.

மறுநாள் காலை லாரி கிளம்பியது. சின்னப்பன் வாசலில் பெரிய கோலம். எங்கள் பொடிதான்.