ஞாயிற்றுக்கிழமை நோயாளி

அக்கா தன் வீட்டுச் சோபாவில் இடது கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு படுத்திருப்பார். பக்கவாதம் வந்த நோயாளியாக நடிக்கிறாராம். நான் வெந்நீரும் துவாயும் கொண்டுபோய், முகம் கழுவப்போகிறேன் என்று ஜெர்மன் மொழியில் சொல்லி, அனுமதி கேட்டு, கழுவி, கை துடைத்து, உடுப்பு மாற்றி, கடைசியில் சீப்பெடுத்துத் தலையும் இழுத்துவிடுவேன். நான்கு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் இதுதான்.

சொந்த அக்கா இல்லை. நான் உதவியாளராக இருந்த வார்டின் மூத்த தாதி. வெளிநாட்டில் படித்து வந்தவர்களைச் செய்முறைப் பரீட்சைக்குத் தயார்ப்படுத்துவதும் அவர் பொறுப்பு. பிள்ளைகள் வேறு நகரங்களுக்குப் போய்விட்டார்கள், தனியேதான் இருந்தார். நானோ யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் ஆறு வருடம் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, இருந்தவள். இங்கே ஜெர்மனியில் அந்தப் பரீட்சை சித்தியடையும்வரை சாப்பாட்டுத் தட்டுத்தான் தூக்க வேண்டும். பரீட்சைக்கு இரண்டு தரம்தான் தோற்றலாம். இரண்டாவதும் தவறினால் காலம் முழுக்கத் தட்டுத்தான்.

"நல்ல கை உமக்கு. பயப்படாதையும், பாஸ் பண்ணுவீர்" என்பார் அக்கா. வார்டில் என் பின்னால் நின்று பார்க்கும்போதும் அதே சொல்தான்.

வெள்ளிக்கிழமைகளில் என் வேலையைப் பற்றிய பயிற்சித்தாள் ஒன்றை நிரப்பி என் பக்கம் தள்ளுவார். நான் வாசிக்காமல் கையெழுத்துப் போடுவேன். எனக்கு ஜெர்மன் வாசிக்கத் தெரியாமலில்லை. அக்கா எழுதியதை அவர் முகத்துக்கு முன்னாலேயே வரிவரியாகச் சரிபார்ப்பது எங்கள் ஆட்கள் செய்கிற வேலையா? அவரைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடாதா? நல்ல மரியாதை, நல்ல மடைச்சி.

பரீட்சையன்று எனக்குத் தந்த நோயாளி ஒரு வயோதிபர். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது, வலது கை நன்றாக வேலைசெய்தது. பரீட்சகர்கள் இரண்டு பேர் கால்மாட்டில் நின்றார்கள். முகம் துடைக்கும்போது அவர் வலது கையைத் துவாய்க்கு நீட்டினார். நான் அந்தக் கையைப் பிடித்து மெதுவாகப் படுக்கையில் வைத்துவிட்டுத் துடைத்தேன். திரும்பவும் நீட்டினார். திரும்பவும் வைத்தேன். நோயாளியைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்றுதான் ஊரில் எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள். பரீட்சகர்கள் ஏதோ எழுதியதைக் கண்டு, பாராட்டுகிறார்கள் என்று வேறு நினைத்தேன்.

தவறிவிட்டேன். நோயாளி தானே செய்யக்கூடியதை அவரைச் செய்யவிட வேண்டும், இந்த நாட்டில் தாதிமைக்கு அதுதான் அடிப்படை என்றார்கள். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்றேன். ஒரு பரீட்சகர் என் கோப்பிலிருந்து மூன்று வெள்ளிக்கிழமைத் தாள்களை எடுத்து முன்னால் வைத்தார். மூன்றிலும் அக்காவின் எழுத்து: 'எல்லாவற்றையும் தானே செய்துவிடுகிறார். சுட்டிக்காட்டினேன். திருத்திக்கொள்ளவில்லை.' கீழே என் கையெழுத்து, அழகாக.

தவறியதைவிட, அந்த நடுங்காத என் கையெழுத்தைப் பார்க்கத்தான் தாங்க முடியவில்லை.

அந்த ஞாயிறும் போனேன். அக்கா தலைமயிரை அவிழ்த்துவிட்டு, சீப்பை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தார்.

"பிழை எண்டு தெரிஞ்சும் ஏனக்கா எனக்குச் சொல்லேல்லை?"

"தாளிலை ஏதாவது எழுதாட்டி நான் ஒண்டும் பழக்கேல்லை எண்டு என்னைத்தான் கேப்பினம். எல்லாருக்கும் அப்பிடித்தான் எழுதுறனான்."

"தாளுக்குச் சொன்னதை எனக்குச் சொல்லியிருக்கலாமே?"

அக்கா சீப்பைப் பக்கத்தில் வைத்தார்.

"நீர் தலை இழுக்கேக்கை எனக்குக் கண் சொருகும். இந்த நாட்டிலை என்ரை தலையிலை ஆர் கை வைக்கினம்? நிப்பாட்டும் எண்டு சொல்ல மனம் வரேல்லை, பிள்ளை."

அந்த 'பிள்ளை' மட்டும் இல்லாமல் இருந்தால் ஒருவேளை மனம் இளகியிருப்பேன். இவருடைய கண் சொருகுவதற்காக என் நான்கு மாதமும் போனது. இன்னும் ஒரே ஒரு தரம்தான் எனக்கு மிச்சம்.

அவர் வழக்கம்போலத் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். நான் சீப்பை எடுத்தேன். அவருடைய வலது கையைப் பிடித்து, விரல்களை விரித்து, அதற்குள் சீப்பை வைத்து மூடினேன்.

"நீங்களே இழுங்கோ அக்கா. உங்களுக்கு ஏலும்."