விழட்டும் என்று நின்ற மத்தியானம்

எங்கள் பண்ணை நாமகிரிப்பேட்டைக்குப் பக்கம். முட்டைக்கோழி. ஷெட் நாலு பக்கமும் மூடியது. பின்சுவரில் இருக்கும் பெரிய ஃபேன்கள் காற்றை இழுத்தால்தான் கோழிக்கு மூச்சு. சித்திரை வெயிலில் அவை நின்றால் கோழி கூண்டுக்குள்ளேயே வெந்துபோகும்.

ஃபேனை ஓட்டுவது ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. அது திடீர் திடீரென்று நின்றது. முதல் தடவை நான் ஓடி வருவதற்குள் மேல் அடுக்கில் சில கோழிகளுக்குக் கழுத்துத் தொங்கிவிட்டது. பெட்டியைத் தாண்டி ஃபேனுக்கு நேராகக் கரண்ட் விடும் சுவிட்ச் ஒன்று உண்டு. அதைப் போட்டு மிச்சத்தைக் காப்பாற்றினேன். அதிலேயே விட்டுவிடவும் முடியாது. விடியக்காலைக் குளிரிலும் எல்லா ஃபேனும் ஓடும்.

ப்ரோகிராம் எழுதிய தம்பி சேலத்திலிருந்து வந்தார். பெட்டிக்குள் இரண்டு ப்ரோகிராம் என்றார். பெரியது ஒரே தடவையில் செய்து மூடியது; மாற்றினால் மறுபடி முழுசாகச் செய்ய வேண்டும். சின்னது அதன் வயிற்றுக்குள் ஓடும் ஸ்கிரிப்ட். எந்தச் சூட்டுக்கு எத்தனை ஃபேன் என்ற கணக்கு அதில். இங்கேயே மாற்றி எழுதலாம். இரண்டும் பேசிக்கொள்ளும் இடத்தில் எங்கோ கோளாறு.

"எந்த இடம்னு தெரியலைங்கண்ணா. எம் மேசையில ஓட்டுனா ப்ரோகிராம் நின்னு உழுகவே மாட்டேங்குது. இங்க எல்லா ஃபேனும் ஓடறப்பத்தான் உழுகுது. ஒருக்கா உழுகட்டும். உள்ள இருக்கறத அப்படியே படி எடுத்துக்கறேன். நான் சொல்ற வரைக்கும் சுவிட்சத் தொட்டறாதீங்க. தொட்டா பெட்டிக்குக் கரண்ட் கட்டாகி, உள்ள இருக்கறது எல்லாம் அழிஞ்சிரும்."

"கோழி இருக்குதே, தம்பி."

"கோழிய வெளிய எடுத்தா, அதுக சூடு இல்லாம அத்தன ஃபேனும் ஓடாதுங்கண்ணா."

மத்தியானம் சுவிட்சில் கை வைத்து நின்றேன். ஃபேன் சத்தம் அடங்கியது. கோழிகளும் அடங்கின. அப்புறம் எல்லாம் வாயைத் திறந்து இறக்கையை அகட்டின. "இருங்க, இருங்க" என்றார் தம்பி. என் கை திருப்பிவிட்டது.

படி பாதியில் போய்விட்டது. தம்பி திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

என் வீட்டுக்காரி தீவன வாளியைக் கீழே வைத்தாள். "ஏனுங்க, தள்ளுங்க. உங்களுக்கு அந்தப் பெட்டியே தேவல. நாளைக்கு நான் நிக்கறேன்."

மறுநாள் அவள் நின்றாள். நான் கூண்டுகளுக்கு நடுவில் இருந்தேன். ஃபேன் நின்றது. வெக்கை காலிலிருந்து ஏறியது. கோழிகள் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடின. "போடு" என்று கத்தினேன். அவள் போடவில்லை. தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கோழி சரிந்தது.

"போடுங்கக்கா" என்றார் தம்பி.

காற்று வந்தது. சரிந்த கோழி எழவில்லை.

காரணம் அன்றே கிடைத்தது. சின்ன ஸ்கிரிப்ட், தான் எழுதியதை வேலை முடிந்ததென்று அவ்வப்போது குப்பையாகக் கூட்டித் தள்ளிவிடுமாம். பெரிய ப்ரோகிராமோ அந்த இடத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பிறகு போய்க் கைநீட்டுமாம். அங்கே வேறு ஏதாவது இருக்கும். மொத்தமும் சாய்ந்துவிடும். ஃபேன் கூடக்கூட எழுதுவதும் கூடும், குப்பையாகத் தள்ளுவதும் கூடும். பெரியது தனக்கென்று ஒரு படி எடுத்து வைத்துக்கொள்ளும்படி மறுபடி செய்து ஏற்றிவிட்டுப் போனார். அதற்குப்பின் பெட்டி நிற்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரியிடம் கேட்டேன். "போடுன்னு கத்துனேனே, காதுல உழுகலியா?"

"உழுந்துச்சுங்க" என்றாள். "போட்டிருந்தா நாளைக்கும் நிக்கோணுமே. எனக்கு அந்தப் பயம்."