ஒரே ஒரு நைனா

காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் மெஹர்னிசா கணினியைத் தட்டினால் அரக்கோணம் ரயிலே ஒரு நிமிஷம் தயங்கி நிற்கும் என்பார்கள். அது பொய். அவள் சொன்ன பேச்சுக்கு, அவள் வேலை பார்த்த மெஷின் பெல்ட் கம்பெனியின் முதலாளி ஹபிபுல்லா பாய் தயங்கி நின்றது மெய். வாடிக்கையாளர்களெல்லாம் விற்பனை ஆட்களின் செல்போனுக்குள் குடியிருந்தால், ஒருவர் வேலையை விட்டதும் பாதி வியாபாரம் அவர் பின்னாலேயே போய்விடும் என்றாள். வாடிக்கையாளர் விவரத்தையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்துவைக்கும் சி.ஆர்.எம். என்றொரு சாஃப்ட்வேர் வந்து இறங்கியது.

"முதல்ல கும்மிடிப்பூண்டி பக்கம் மட்டும் போட்டுப் பாரு. சொதப்புச்சுன்னா மூட்டை கட்டிடணும். பேஜாரு வேணாம்," என்றார் பாய்.

யார் பதிவது, யாருக்குப் பயிற்சி, எந்தத் திங்கட்கிழமை தொடக்கம், எல்லாம் அவள் திட்டம். அந்தப் பக்கத்து விற்பனையாளர் சுப்பராயன் தன் செல்போனில் இருந்த பெயர்களை ஒன்றுவிடாமல் கொடுத்தார். ஒரே பெயர் மறுபடி வந்தால் ஒன்றாகச் சேர்க்கும்படி மெஹர்னிசா சாஃப்ட்வேருக்குக் கட்டளை போட்டிருந்தாள். சேர்த்தது. ஆந்திர எல்லை வரைக்கும் அரிசி ஆலை, செங்கல் சூளை, ஐஸ் ஃபேக்டரி அத்தனையும் ஒரே மகாராஜாவுக்குச் சொந்தமாயின. மகாராஜாவின் பெயர் நைனா.

முதல் நாளே ஆலைக்குப் போகவேண்டிய பெல்ட் சூளையில் போய் இறங்கியது.

"இன்னாண்ணா இது, எல்லாத்துக்கும் நைனான்னு போட்டுக்கினு கீறீங்க?"

"அப்டித்தானேம்மா கூப்புடுறேன்!"

"அவங்க பேரு?"

சுப்பராயன் செல்போனை எடுத்துத் தேடினார்; அதிலும் நைனாதான்.

"சேக்கச் சொன்னது நான்தான் பாய். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க," என்று முதலாளியிடம் போய் நின்றாள் மெஹர்னிசா.

"ஜும்மா தொழுகைக்கு முன்னாடி முடிக்கணும். இல்லாட்டி மூட்டைதான்."

சுப்பராயனோடு அவளும் கிளம்பினாள். ஆரம்பாக்கத்து ஆலைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "பத்து வருசமா என் ஊட்டு மோரைக் குடிச்சிக்கினு போறே, இப்பத்தான் பேரு கேக்கத் தோணுச்சா நைனா?" தன் போனை எடுத்துக் காட்டினார். சுப்பராயனின் எண்ணுக்கு மேலே 'பெல்ட் நைனா' என்றிருந்தது. ஆலைக்காரர் பெயர் கலியன். இருவரும் அன்றுதான் அறிமுகமானார்கள்.

திரும்பும் வழியில் மெஹர்னிசா தன் திட்டத்தாளை எடுத்துப் பார்த்தாள். 'வாடிக்கையாளர் உறவு' என்று திட்டத்துக்குத் தலைப்பு வைத்தவள் அவள். உறவு ஏற்கெனவே மோர் குடித்துக்கொண்டு இருந்திருக்கிறது, பெயர் இல்லாமலே.

வெள்ளிக்கிழமை பாய் திரையைப் பார்த்தார். இப்போது ஆளைப் பிரித்துக் காட்டியது போன் நம்பர். பெயருக்குப் பக்கத்தில் 'கூப்பிடும் விதம்' என்று புதிதாக ஒரு கட்டம், அதில் மேலிருந்து கீழ்வரை நைனா.

"மறுபடியும் நைனாவா?"

"பேரும் இருக்குது பாய். ஆனா போன்ல பேரைச் சொல்லிக் கூப்ட்டா, லோன் குடுக்குற பேங்க்காரன்னு கட் பண்ணிடுவாங்க."

பாய் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "திருவள்ளூர் பக்கமும் போட்டுடு."